நட்பா, பதவியின் கடமையா என்று வரும்போது சிசரோ போன்ற ரோமானியர்கள் எழுதியது இன்றைக்கு உதவுமா?

உதவும். சிசரோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானிய அரசியல்வாதி, பேச்சாளர். ஆனால் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற நட்பைப் பற்றிய அவருடைய நூலைவிட, மாகாண ஆளுநராக இருந்தபோது அவர் எழுதிய கடிதங்கள்தான் அதிகம் உதவும். நண்பர் ஒருவர் ஒப்பந்தப்புள்ளி விஷயமாக உங்களிடம் "ஒரே ஒரு கையெழுத்து" கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்க வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஒரே ஒரு' என்பதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஒரு வருடம் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். குறிப்பிட்ட தேதியன்று நிலுவையில் இருந்த கடனுக்குத்தான் தள்ளுபடி. என் நண்பனுக்குப் பணம் பட்டுவாடா ஆனது அதற்கு ஒன்பது நாள் கழித்து. அப்போது எங்கள் சங்கத்தில் கணினி கிடையாது. எல்லாம் கையால் எழுதும் பேரேடு. "தேதியை மாற்றி எழுதடா. இரண்டே இரண்டு எண். உன் பேனா மை தீர்ந்தா போய்விடும்?" என்றான். ஐந்தாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில், கொட்டுகிற மழையில், தன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு பதினெட்டு கிலோமீட்டர் போனவன்.

நான் மாற்றவில்லை. அதில் இன்றுவரை எனக்குச் சஞ்சலம் இல்லை. அந்த ஒன்பது நாட்களுக்குள் கடன் வாங்கியவர்கள் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களில் யாரும் என்னோடு படித்தவர்கள் இல்லை. நான் தவறியது வேறு இடத்தில். அதைச் சொல்வதற்கு முன் சிசரோவிடம் போகிறேன்.

கி.மு. 51இல் அவர் இன்றைய துருக்கியின் தெற்கில் இருந்த சிலிசியா மாகாணத்துக்கு ஆளுநராகப் போனார். சைப்ரஸ் தீவும் அதில் சேர்த்தி. அங்கே சலாமிஸ் என்ற ஊர் ரோமானியர்களிடம் கடன் வாங்கியிருந்தது. வட்டி ஆண்டுக்கு 48 சதவீதம். வசூலிக்க வந்த ஸ்காப்டியஸ் என்பவனுக்கு, சிசரோவுக்கு முன்பிருந்த ஆளுநர் ஒரு பதவியையும் குதிரைப்படையையும் கொடுத்திருந்தார். அவன் ஊர் மன்றத்தாரை அவர்களுடைய மன்றத்துக்குள்ளேயே வைத்து முற்றுகையிட, ஐந்து பேர் பட்டினியால் செத்தார்கள். சிசரோ வந்ததும் குதிரைப்படையைத் தீவிலிருந்து வெளியேற்றினார். தன் மாகாணத்தில் 12 சதவீதத்துக்கு மேல் வட்டி இல்லை என்று ஏற்கெனவே ஆணையிட்டிருந்தார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் கடன் 106 தாலந்து (அக்காலப் பண அளவு). ஸ்காப்டியஸ் கேட்டதோ ஏறக்குறைய 200. பிறகுதான் தெரிந்தது, கடன் கொடுத்தது உண்மையில் புரூட்டஸ். ஆம், பின்னாளில் சீசரைக் கொன்ற அதே புரூட்டஸ்.

ஸ்காப்டியஸுக்கு ஐம்பது குதிரை வீரர்களையாவது கொடு என்று சிபாரிசு செய்தவர் அட்டிகஸ், சிசரோவின் உயிர் நண்பர். இருவருக்கும் நடுவே போன கடிதங்களில் சிசரோ எழுதியவை மட்டும் 400க்கு மேல் இன்றும் கிடைக்கின்றன. அந்த நண்பருக்கு அவர் எழுதிய பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'என் நேர்மையைப் புகழ்கிற நீயா இதைக் கேட்கிறாய்? நீ இங்கே என் பக்கத்தில் இருந்திருந்தால், நானே செய்ய விரும்பினாலும் என்னைச் செய்ய விட்டிருப்பாயா? ஐம்பது பேர்தானே என்கிறாய். ஸ்பார்ட்டகஸோடு முதலில் இருந்தவர்கள் அதைவிடக் குறைவு' என்பது அதன் சாரம். ஸ்பார்ட்டகஸ் என்பவன் ரோமையே நடுங்கவைத்த அடிமைக் கிளர்ச்சியின் தலைவன். குதிரைப்படையைக் கொடுக்கவில்லை. நட்பும் அறுந்துபோகவில்லை, கி.மு. 43இல் சிசரோ கொல்லப்படும் வரை நீடித்தது.

நான் செய்தது என்ன? என் நண்பன் பதில் கேட்க வந்த அன்று சங்கத்தில் கூட்டம். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல், "விதியில் இடமில்லை. எழுத்தரைப் பாருங்கள்" என்றேன். முப்பத்தைந்து வருடம் 'வாடா, போடா' என்று பழகியவனைப் பத்துப் பேர் முன்னால் 'பாருங்கள்' என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் இன்றும் "செயலாளர் நலமா?" என்கிறான்.

நட்பைப் பற்றிய நூலை சிசரோ கி.மு. 44இல் எழுதி அதே அட்டிகஸுக்குத்தான் காணிக்கையாக்கினார். அதில் லேலியஸ் என்ற பெரியவர் பேசுகிறார். இழிவானதை நண்பனிடம் கேட்காதே, அவன் கேட்டால் செய்யாதே என்பது அவர் சொல்லும் முதல் சட்டம். உதாரணமாக பிளோசியஸ் வருகிறான். தன் நண்பரான திபேரியஸ் கிராக்கஸ் என்ற ரோமானிய அரசியல்வாதி கொல்லப்பட்ட பிறகு, 'அவர்மேல் இருந்த மதிப்பால் எதைச் சொன்னாலும் செய்திருப்பேன்' என்று லேலியஸிடம் மன்னிப்புக் கேட்டவன். கோயிலுக்குத் தீ வைக்கச் சொன்னால் என்று லேலியஸ் கேட்டார். 'சொல்லவே மாட்டார்; சொல்லியிருந்தால் வைத்திருப்பேன்' என்றான். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என்னைத் தைத்தது இன்னொரு வரி. பிரிய வேண்டிய நட்பைக் கிழிக்கக் கூடாது, தையல் பிரிப்பதுபோலப் பிரிக்க வேண்டும் என்று கேட்டோ என்ற ரோமானியப் பெரியவர் சொன்னதாக லேலியஸ் நினைவுகூர்வது. என் நட்பு பிரிய வேண்டியதே இல்லை. நான் கிழித்தேன்.

இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். நண்பனை இடித்துரைக்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்லாததா, ரோமுக்கு ஏன் போக வேண்டும் என்பார்கள். கேள்வி ரோமைப் பற்றியது, அதனால் போனேன். குறளை அறிந்தே வளர்ந்தவன் நான். சிசரோ மட்டும் யோக்கியரா என்றும் கேட்பார்கள். ரோமின் உச்சப் பதவியான கான்சலாகத் தான் இருந்த காலத்தின் புகழைப் பாட, உண்மையை மட்டும் எழுத வேண்டும் என்ற வரலாற்றின் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தும்படி லுக்கேயஸ் என்ற நண்பருக்கு எழுதியவர்தான் அவர். சலாமிஸ் வழக்கிலும் தீர்ப்புச் சொல்லவில்லை. கோயிலில் பணத்தைக் கட்டிவிடுகிறோம், வட்டி நிற்கட்டும் என்று ஊரார் வேண்டியும், பொறுங்கள் என்று சொல்லி அடுத்த ஆளுநர் தலையில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். புரூட்டஸைப் பகைத்துக்கொள்ளப் பாதி மனம்தான் இருந்திருக்கிறது. அதை மறைத்து அவரைப் புனிதராக்குவது எனக்குப் பிடிக்காது. அதற்காக அவர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதம் பொய்யாகிவிடாது.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கருவூலம் நிரம்ப வேண்டும், வரவுசெலவுத் திட்டம் சமமாக இருக்க வேண்டும், மக்கள் அரசை நம்பி வாழாமல் உழைக்க வேண்டும் என்று சிசரோ சொன்னதாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எங்கள் ஓய்வூதியர் குழுவில் மட்டும் நான்கு முறை வந்துவிட்டது. அவர் அப்படி எங்கும் எழுதவில்லை. அது 1965இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவலில் இருக்கும் வாசகம். திருத்தினால் கோபித்துக்கொள்கிறார்கள். 900க்கும் மேற்பட்ட உண்மைக் கடிதங்கள் கிடைக்கும் ஒரு மனிதருடைய வாயில் பொய்யை ஏன் திணிக்க வேண்டும்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். சனிக்கிழமையே நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். அலுவலகம் வேண்டாம், தொலைபேசி வேண்டாம். 'நீ'தானே கூப்பிடுகிறீர்கள், அதை மாற்றாதீர்கள். முடியாது என்பதை உட்கார்ந்த உடனே சொல்லிவிடுங்கள். தன் மகனுக்காக எழுதிய கடமை நூலில் சிசரோ ஓர் இடம் வைத்திருக்கிறார்: நீதிபதியாக அமர்ந்தவன் நண்பனுக்குத் தரக்கூடியது அவன் வாதாட வசதியான நேரம். உங்கள் விதிகளுக்குள் அப்படி எல்லோருக்கும் பொதுவாக எது உண்டோ, எந்த ஆவணம் தேவை, கடைசி நாள் எது, நிராகரித்தால் எங்கே முறையிடலாம், அதைப் பொறுமையாக விளக்குங்கள். என் நண்பனுக்கு மேலிடத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு மணி நேர வேலை. அந்தப் பதினோரு பேருக்கும் சேர்த்தே எழுதியிருக்கலாம்.