வாடகையும் தவறாமல் வருகிறது, புகாரும் தவறாமல் வருகிறது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி: "குடியிருப்பவர் ஓயாமல் புகார் சொல்கிறார், என்ன செய்வது?" இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில்.

மாடி போர்ஷனில் நான்கு மாதமாக ஒரு தம்பதி இருக்கிறார்கள். 5ஆம் தேதி வாடகை வந்துவிடும். ஆனால் நாளுக்கு மூன்று வாட்ஸ்அப். குழாய் ஒழுகுது, பாத்ரூம் நாறுது, ஸ்விட்ச் சூடாகுது. ராத்திரி பதினோரு மணிக்குக்கூட வரும். காலி பண்ணச் சொல்லிவிடலாமா? (மடிப்பாக்கம் வாசகி)

கொஞ்சம் பொறுங்கள். நான்கு மாத மெசேஜையும் முதலிலிருந்து படித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். போன வருடம் உங்களைப் போலவே நொந்துபோன ஒருவருக்கு நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 43 மெசேஜ். எழுதி முடித்துப் பார்த்தால் பிரச்சினை நான்கே நான்கு. அதில் பாத்ரூம் நாற்றம் மட்டும் 19 தடவை.

அந்த வீட்டில் இரண்டு பாத்ரூம், ஒன்றை யாரும் புழங்குவதில்லை. தரை ஜாலிக்குக் கீழே ட்ராப்பில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுத்து வைத்திருக்கும். வெயிலில் அது வற்றிவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினோம், மறுநாள் நாற்றம் இல்லை. நாலு மாதச் சண்டை ஒரு சொம்பில் முடிந்தது. உங்கள் வீட்டிலும் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பெரும்பாலும் முதல் தடவை அதற்குப் பதில் போகவில்லை என்று அர்த்தம். "பார்த்தேன், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பிளம்பர் வருவார்" என்று ஒரு வரி போட்டால் வெள்ளிக்கிழமை வரை அமைதி. சொன்னபடி பிளம்பர் வரவும் வேண்டும், அது வேறு விஷயம். கரன்ட், கேஸ் வாசனை, தண்ணீர் பீய்ச்சி அடிப்பது, இவற்றுக்கு எந்நேரமும் போன் செய்யலாம். மற்றதெல்லாம் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டுக்குள் மெசேஜ் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

எது யார் செலவு என்பதில் தமிழ்நாட்டில் குழப்பமே தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணை வேலையைப் பிரித்தே கொடுத்துவிட்டது. கட்டட ரிப்பேர், சுண்ணாம்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர், வாஷ்பேசின், கக்கூஸ் ரிப்பேர், வடிகால் அடைப்பு, கீஸர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. இந்தப் பட்டியலை அச்செடுத்து ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் பாதிப் புகார் வாய்க்கு வராது. ஆனாலும் குடிவந்த முதல் மாதமே ஒரு வாஷருக்காக மல்லுக்கு நிற்காதீர்கள். அது ஏற்கெனவே தேய்ந்திருந்த வாஷர், உங்களுக்கும் தெரியும்.

சூடாகும் ஸ்விட்சை மட்டும் இன்றைக்கே எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். ஸ்விட்ச் அவர் செலவாக இருக்கலாம், அதற்குப் பின்னால் வயர் லூஸாக இருந்தால் அது உங்கள் தலையில். யார் செலவு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

படுக்கையறைச் சுவரில் ஓதம். "உங்கள் கட்டடம் ஒழுகுகிறது" என்கிறார் குடியிருப்பவர். அவர்கள் ஈரத் துணியை உள்ளேயே காயப்போடுவதுதான் காரணம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (தாம்பரம் வாசகர்)

சுவரையே கேட்டுவிடுவோம். ஓர் அடிக்கு ஓர் அடி கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை ஓதம் இருக்கும் இடத்தில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. உள்ளே காய்ந்திருந்து வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றின் ஈரம். உங்கள் துணிக்கதை உண்மை. இதை அவர் கண்முன்னே ஒட்டி, அவர் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள்.

சுவர்தான் என்று தெரிந்துவிட்டால் அடுத்து எங்கிருந்து என்று பாருங்கள். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் வெளிச்சுவர் விரிசல், சன்ஷேட் மூலை, மொட்டைமாடி. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்ந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. கோடையிலும் அதே ஈரம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தரை ஜாலியை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, மட்டத்தை பென்சிலால் கோடு போட்டு, ஒரு நாள் விடுங்கள். கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கினால் டைல்ஸ் இடுக்கிலோ ஜாயின்ட்டிலோ கசிவு.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு சுவருக்கு இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தேன். இரண்டு முறையும் மூன்று மாதத்தில் கொப்புளம். கடைசியில் பார்த்தால் மேல்வீட்டுக் கழிவுக் குழாய் ஜாயின்ட். அந்த வீட்டம்மா முதல் நாளே "மேலே யாராவது குளிச்சா சத்தம் கேக்குது சார், அப்புறம்தான் ஈரமாகுது" என்று சொல்லியிருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரின் 14,000 ரூபாய் பெயின்ட்டிலேயே போயிற்று.

எதற்கெடுத்தாலும் குறை. மோட்டார் ரூமைப் பூட்டி நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினால் தானாகக் காலி செய்வார் என்று நண்பர் சொல்கிறார். (கோவை வாசகர்)

அந்த நண்பரிடம் இனி யோசனை கேட்காதீர்கள். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், பார்க்கிங், எதையும் நிறுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வரும். அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்திருந்தாலும், அன்றோடு போச்சு.

நான் துபாயில் இருக்கிறேன். கீழே அப்பா (74), மேலே குடித்தனம். மோட்டார் போடும் நேரத்தில் தொடங்கிய புகார், அப்பா ஸ்பேர் சாவியால் திறந்து குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வந்ததில் பெரிய சண்டையாகிவிட்டது. (பெயர் வேண்டாம் என்றவர்)

அப்பாவுக்கு அது அவர் கட்டிய வீடு. ஒவ்வொரு செங்கலும் தெரியும், அதனால் உள்ளே போவது தப்பாகவே தோன்றியிருக்காது. ஆனால் சட்டப்படி காரணம் சொல்லி, 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் தகவல் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். மேலே இருக்கும் பெண் குளித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அப்பா சார்பில் நீங்கள் வருத்தம் தெரிவியுங்கள். பெரியவரை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். ஸ்பேர் சாவி இனி அப்பாவிடம் இருக்க வேண்டாம்.

மோட்டார் சண்டைக்கு மனிதர்களைத் திருத்துவதைவிட மெஷினைத் திருத்துவது சுலபம். சம்ப்பிலும் மேல்தொட்டியிலும் சென்சார் வைத்த ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் போட்டால், மட்டம் இறங்கும்போது தானே ஓடும், நிரம்பினால் நிற்கும். புகார் அப்பாவுக்குப் போகாமல் உங்களுக்கோ, உள்ளூரில் பொறுப்பான ஒருவருக்கோ போகும்படி மாற்றுங்கள். அவரிடம் தினமும் குறை சொல்ல மேலே ஆள் இருக்கக்கூடாது. சாயங்காலம் பேச்சுத்துணைக்கு இருந்தால் நல்லதுதான்.

கேட்காமலே கிச்சன் சிங்க் லைனை மாற்றிவிட்டு வாடகையில் 6,500 ரூபாய் பிடித்துக்கொண்டார். விடலாமா? (மதுரை வாசகர்)

கேட்காமலா? உங்கள் போனைத் தேடிப் பாருங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள ரிப்பேரை நீங்கள் செய்ய மறுத்தால், அவர் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. குழாய் லைன் உங்கள் பொறுப்பு. அவர் முன்பே சொல்லி நீங்கள் "பார்க்கலாம்" என்று இழுத்திருந்தால் பில்லை வாங்கி ஃபைலில் வையுங்கள். நிஜமாகவே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், பில்லும் பழைய குழாயின் போட்டோவும் கேளுங்கள். இனி எவ்வளவு தொகைக்கு மேல் போனால் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. இவரோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டேன், புதுப்பிக்க விருப்பமில்லை. பத்து மாத அட்வான்ஸ் வேறு கொடுக்க வேண்டும். (அண்ணா நகர் வாசகி)

விருப்பமில்லை என்றால் புதுப்பிக்க வேண்டியதில்லை. நடுவில் காலி செய்யச் சொல்வதுதான் கஷ்டம்: வாடகை பாக்கி, உள்வாடகை, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சட்டத்தில் காரணங்கள் இருக்கின்றன, "அதிகம் புகார் சொல்கிறார்" அதில் இல்லை. தேதி முடிந்து போகச் சொல்வது வேறு. இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் கை கட்டப்பட்டிருக்கும். குத்தகை முடிந்தும் போகாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகையும், அதற்குப் பிறகு நான்கு மடங்கும் தர வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ்தான் உங்கள் நிஜமான தலைவலி. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். சென்னை இன்னும் பத்து மாதப் பழக்கத்தை விடவில்லை. வாங்கிய பணம் செலவாகிவிட்டது என்றால், அடுத்தவர் கொடுக்கும் அட்வான்ஸை வைத்து இவருக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இவர் சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் தர வேண்டும். காலி செய்யும் அன்று இருவருமாக அறை அறையாகப் போய் வீடியோ எடுத்து, கழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே காரணம் எழுதிக் கொடுங்கள். போகும்போது, அவர் இதுவரை சொன்ன புகார்களின் பட்டியலை ஒரு தரம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த குடித்தனம் வருமுன் பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கொடுக்க அதைவிட நல்ல வேலைப் பட்டியல் கிடைக்காது.