லோகோவோடு இருண்டுபோகும் திரை

கேள்வி: ஐ5-9400 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிசியில், ஓப்பன்கோர் (சாதாரண பிசியில் மேக்ஓஎஸ் ஓட்ட உதவும் பூட் மென்பொருள்) வழியாக மேக்ஓஎஸ் வென்ச்சுரா ஏற்றினேன். ஆப்பிள் லோகோ, பாதிக் கோடு வரை வருகிறது. பிறகு திரை கறுப்பு. விண்டோஸ் நன்றாக ஓடுகிறது. கார்டு பழுதா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: விண்டோஸ் ஓடுவதால் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம், டவுன்ஹால் ரோட்டு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். உங்களுடையது போன்ற நவி வகை (ஏஎம்டியின் ஒரு சிப் குடும்பம்) கார்டுகளில் வழக்கமாக வரும் கோளாறுதான் இது. உங்கள் பிசியை ஐமேக் போலக் காட்ட ஓப்பன்கோரில் நீங்கள் கொடுத்திருக்கும் ஐமேக் மாடலின் போர்டு-ஐடியை (மதர்போர்டு அடையாளக் குறி) பார்த்து, மேக்ஓஎஸ் கார்டின் டிஸ்ப்ளே வெளியீட்டை அடைத்துவிடுகிறது. ஓப்பன்கோரின் கான்ஃபிக் ஃபைலில் என்விராம் (அணைத்தாலும் அழியாத அமைப்பு நினைவகம்) பகுதியின் பூட்-ஆர்க்ஸ் (பூட் ஆகும்போது தரும் கட்டளைகள்) வரியில் 'ஏஜிடிபிமாட்=பிகேரா' (agdpmod=pikera) சேருங்கள். ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. லிலு, அதற்குப் பின் வாட்எவர்கிரீன் என்ற வரிசையில் இரண்டு கெக்ஸ்ட்டும் (மேக்ஓஎஸ் டிரைவர் ஃபைல்கள்) இருந்தால்தான் இது வேலை செய்யும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்: பழைய பூட்-ஆர்க்ஸ் என்விராமில் தங்கியிருந்தால் புதியது அதன்மேல் ஏறாது. ஓப்பன்கோர் மெனுவில் ஒருமுறை 'ரீசெட் என்விராம்' கொடுங்கள்.

பயாஸில் சிஎஸ்எம் (பழைய பாணி பூட் முறை) ஆஃப், 'அபவ் 4ஜி டீகோடிங்' ஆன். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகியிருக்க வேண்டும்.