தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) இயங்கிய நிலத்தை வாங்கினால், மண்ணைச் சுத்தம் செய்யும் செலவை எப்படிக் கணக்கிடுவது? பொறுப்பு யாருடையது?

விலை சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருப்பதால்தான் உங்களுக்கு இந்த யோசனையே வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 2014இல் வாணியம்பாடிக்கு அருகே 12 சென்ட் வாங்கியபோது எனக்கும் அப்படித்தான் வந்தது. நான் பொறியாளரும் அல்லன், வழக்கறிஞரும் அல்லன். என் தந்தை நாற்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில் கூலி வேலை செய்தவர் என்பதால், தொழிலைப் பழிக்கிறேன் என்றும் யாரும் எண்ண வேண்டாம்.

தாய்ப் பத்திரம் சரியாக இருந்தது, வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை, ஓரடி ஆழத்தில் எடுத்த ஒரே ஒரு மண் மாதிரியும் சுத்தமாகவே வந்தது. கிடங்குக்குக் கடைக்கால் தோண்டியபோதுதான், விற்றவர் மூன்றடி உயரத்துக்குப் புதிய கிராவல் நிரப்பியிருந்தது தெரிந்தது. அதற்குக் கீழே, தோலின் மயிரை நீக்கும் பழைய சுண்ணாம்புத் தொட்டியின் சுவரும், அதை ஒட்டி, அந்த மயிரும் நீலச் சாயல் மாறாத தோல் சீவல்களும் கலந்த சாம்பல் நிறச் சேறும் வெளிப்பட்டன. நான் சோதித்தது அந்தக் கிராவலைத்தான்.

செலவைத் தீர்மானிப்பது பரப்பைவிட ஆழமே. ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் 40 கன மீட்டர். ஈரமண் கன மீட்டருக்கு ஒன்றே முக்கால் டன் என்று கொண்டால் 70 டன். ஒப்பந்தக்காரர் எனக்குச் சொன்ன கணக்கும் இதுவே, ஆனால் தொட்டிகள் மூன்று சென்ட்டில் ஒன்றரை மீட்டர் ஆழம்வரை பரவியிருந்ததால் அது 300 டன்னைத் தாண்டியது. சோதனையில் அபாயகரக் கழிவு என்று வந்துவிட்டால், அந்த மண்ணை ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வர முடியாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற உரிமம் பெற்ற நிலநிரப்பிடத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டு செல்லும் லாரி வாடகையையும் அங்கே கட்டும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஆவாரம்பட்டையில் பதனிட்டார்களா, குரோமியத்திலா என்பதைப் பழைய தொழிலாளர்களிடம் கேளுங்கள். முன்னதில் பெரும்பாலும் உப்புதான் சிக்கல். பின்னதில் குரோமியமும் சேரும். அதிலும் தண்ணீரில் எளிதில் கரைந்து நகரும் ஆறிணைதிறன் (ஹெக்சாவேலன்ட்) வடிவம் இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் மொத்தக் குரோமியத்தின் அளவு மட்டும் அதைக் காட்டாது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

பொறுப்பைப் பொறுத்தவரை, எங்கள் பகுதியின் பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு சூழலைச் சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. மாசடைந்த இடங்களுக்கென 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளும் அறிவித்தது. இவற்றைக் காட்டி விற்றவரிடம் செலவை வசூலித்துவிடலாமே என்று பின்னூட்டத்தில் சிலர் எழுதுவார்கள். கூட்டாளிகள் பிரிந்து, ஒருவர் இறந்து, நிறுவனமே கலைந்துபோன நிலையில் நான் யார் மீது வழக்குத் தொடுப்பது? சேறு என் பெயரில் பட்டா உள்ள நிலத்தில் கிடந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடிதமும் என் முகவரிக்கே வந்தது. கடன் கொடுத்த வங்கியின் மதிப்பீட்டாளரோ வாசலில் நின்று நான்கு படம் எடுத்துவிட்டு முழு மதிப்பும் போட்டுத் தந்திருந்தார், அவருக்கான கட்டணமும் என் தலையில்தான் விழுந்தது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், குறைந்தது ஐந்து இடங்களில் இயற்கை மண் தட்டும்வரை துளையிட்டு மாதிரி எடுக்க விற்பவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்; மறுத்தால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், சுத்திகரிப்பு முடியும்வரை கிரயத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

நான் மண்ணுக்கு மட்டும் கொடுத்தது, நிலத்தின் விலையில் பாதிக்குச் சற்று மேல். நிலத்தின் மூலையில் ஒரு கிணறும் இருக்கிறது. அதன் தண்ணீரை இன்னும் அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.