மூன்று நாளில் வருவது மறதி நோய் அல்ல

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு வருஷமாகப் பெயர்கள் மறக்கின்றன, சாவியை வைத்த இடம் தெரிவதில்லை. போன வாரம் சளிக்கு அண்ணன் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தான், தூக்கத்துக்கும் ஒன்று. மூன்று நாளாகப் பகலெல்லாம் தூங்குகிறார். ராத்திரி எழுந்து, இறந்துபோன அப்பா விளையில் (தோட்டத்தில்) நிற்கிறார் என்கிறார். பாட்டியும் கடைசியில் இப்படித்தான் இருந்தார். இது அல்சைமரா? தேங்காய் எண்ணெய் தினமும் இரண்டு ஸ்பூன் கொடுத்தால் சரியாகும் என்று யூடியூபில் பார்த்தேன். எனக்கு 48 வயது. எனக்கும் வருமா?
— வாசகி, கருங்கல்

பதில்: இது வெளியாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன்: அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இனி எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் சேர்த்து.

சாவியை விடுங்கள். நான் பார்ப்பது அந்த மூன்று நாளைத்தான். அல்சைமர் போன்ற மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வரும். போன வாரம் சமைத்துக்கொண்டிருந்த அம்மா இந்த வாரம் பகல் எது இரவு எது என்று தெரியாமல் இருக்கிறார் என்றால், மூளையை வேறு ஏதோ தாக்குகிறது. இதை டெலிரியம் என்போம். இது அவசர நிலை. காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

உங்கள் வீட்டில் சந்தேகப்பட வேண்டியவை கண்ணெதிரே இருக்கின்றன. சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற, மூக்கொழுகலை நிறுத்தும் மருந்து இருக்கும். இளைஞருக்குக் கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். வயதானவருக்கோ புத்தி கலங்கும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அதன் மேல் தூக்க மாத்திரை வேறு! மருந்துச் சீட்டு இல்லாமல் 74 வயதுக்காரருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்க உங்கள் அண்ணனுக்கு எப்படித் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. அப்புறம், பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து கலந்திருந்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து குறையலாம். உடனே உப்புக் கஞ்சி காய்ச்சாதீர்கள். கடுமையாகக் குறைந்த சோடியத்தை எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேகம் கூடினால் அதுவே மூளையைக் கெடுக்கும். சிறுநீரில் கிருமி, நிமோனியா, நாலைந்து நாள் மலச்சிக்கல் என்று மற்றக் காரணங்களையும் பார்க்க வேண்டும். சில வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, "ஒன்றுமில்லை" என்று எழுந்து வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தலைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்திருக்கலாம், ஸ்கேன் தேவைப்படும்.

இன்னொன்று. ராத்திரி சத்தம் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு படுத்து, சாப்பாட்டை வாயில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுகிறவரை "பாவம், அசதி" என்று விட்டுவிடுகிறோம். அதுவும் டெலிரியம்தான். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். நேற்று வரை சொன்னவர் இன்று பாதியில் எங்கோ போய்விடுகிறார் என்றால் காத்திருக்காதீர்கள்.

நாகர்கோவில் அசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ, பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண்ணாடியும் காது மெஷினும் இருந்தால் அவையும் கூடவே போகட்டும். அவை இல்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

தேங்காய் எண்ணெயால் மறதி நோய் தீரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. தீருமென்றால் தேங்காய் எண்ணெயில் சமைக்கும் நம் குமரி மாவட்டத்தில் ஒருவருக்கும் அது வந்திருக்கக் கூடாதே! கூடுதலாகக் குடித்தால் கெட்ட கொழுப்புதான் ஏறும். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-ல், மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளின் பட்டியலை 14 ஆக்கியபோது புதிதாகச் சேர்த்த இரண்டில் ஒன்று அந்தக் கெட்ட கொழுப்பு. மற்றது கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு. ஞாபக சக்திக்கென்று விற்கும் ஜிங்கோ மூலிகை மாத்திரையும் வாங்க வேண்டாம். அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் வருஷக்கணக்கில் சோதித்து, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்கு வருமா? பாட்டிக்கு முதுமையில் வந்ததால் பேத்திக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஒரே மரபணுவால் தலைமுறை தலைமுறையாக வருவது அபூர்வம். அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தெரிந்துவிடும். அடுக்களைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பது 48 வயதில் யாருக்கும் நடக்கும். பிரஷரையும் சர்க்கரையையும் பாருங்கள், தினமும் நடங்கள், காது மந்தமாக இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பழைய மறதியைப் பற்றிய பரிசோதனையை இப்போது செய்யச் சொல்லாதீர்கள். கலங்கிய நிலையில் எடுக்கும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. முழுவதும் தெளிய வாரங்கள் ஆகலாம். தெளிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். இந்தக் குழப்பம் எந்த மாத்திரையால் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, அவருடைய சீட்டோடு பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.