தோற்றால் அழும் 9 வயதுப் பையனுக்குக் கதாபாத்திர விளையாட்டு உதவுமா?

உதவும், கதையை நடத்துபவர் பொறுமைசாலியாக இருந்தால். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, என்ன செய்வதென்று சொல்லி, அது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் விளையாட்டு இது. 1974-இல் வந்த, இந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முழு விதிகள் இந்த வயதுக்கு அதிகம். நாலு பிள்ளைகள், ஒரு 20 முகப் பகடை, ஆளுக்கொரு அட்டை, ஒரு மணி நேரம் போதும். அட்டையில் பெயர், ஒரு திறமை, ஒரு பயம்.

கதையில், ஒரு வாசலில் பூதத்தை நிறுத்துங்கள். சண்டை போட்டால் 15 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். வாய்ப்பு 30 சதவீதம். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுப் பேசினால் 8 போதும், 65 சதவீதம். பேசிப் பார்ப்பதன் பலனைப் பகடையே காட்டிவிடும்.

பகடை கைவிடும்போது "முடியாது, அடுத்த ஆள்" என்றால் அழுகைதான். "பூதம் மசியவில்லை, ஆனால் அதன் கண் சாவிப் பக்கம் போனது" என்று கதையை நகர்த்துங்கள். தோல்விக்குப் பிறகும் செய்ய ஏதோ இருக்கிறது என்று அவன் பார்க்கவேண்டும். எனக்கு இதுதான் முக்கியம்.

"என் ஆள் திருடன், அதான் அவ பையில கைவச்சேன்" என்பது கட்டாயம் வரும். சக வீரர்மேல் பகடை உருட்டக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் பேச்சுக்கு. "உனக்குப் பயமா இருந்துச்சா?" என்றால் இல்லையென்பான், "உன் வீரனுக்கு?" என்று கேளுங்கள்.