ஜூமா மாதிரியான பந்து விளையாட்டில் எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் ஸ்கோர் ஏறவில்லை. என்ன செய்வது?

வேகமாகச் சுடுவதால்தான் ஏறவில்லை. கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசும் பாதிப்பேர் "கை வேகம் வேண்டும்" என்கிறார்கள், மீதிப்பேர் "எல்லாம் லக்" என்கிறார்கள். இரண்டும் இல்லை.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு தவளை வாயிலிருந்து நிறப்பந்துகளைச் சுடும், மண்டை ஓட்டுக் குழியை நோக்கி நகரும் பந்து வரிசையில் ஒரே நிறம் மூன்று சேர்ந்தால் உடையும், வரிசை குழிக்குள் போனால் தோல்வி. நீங்கள் போனில்தான் விளையாடுவீர்கள் என்று நினைக்கிறேன். தவளை வாயில் சிவப்பு வந்தால் சிவப்பைத் தேடுவது, மஞ்சள் வந்தால் மஞ்சளைத் தேடுவது, கிடைத்த இடத்தில் அடிப்பது. முதல் சில கோயில்களில் (கட்டங்களுக்கு அதுதான் பெயர்) நான்கு நிறம்தான் என்பதால் அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம். ஊதாவும் வெள்ளையும் சேர்ந்து ஆறு நிறம் ஆனவுடன் வரிசை மளமளவென்று மண்டை ஓட்டுக்குள் போய் விழும். அங்கேதான் நிற்கிறீர்கள், சரிதானே?

நான் இதைக் கற்றுக்கொண்டது 2011-இல். அப்போது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை. ஆர்டர் தரும் பார்ட்டி கொடுக்கும் துணித்துண்டின் ஷேடுக்கு, அதாவது நிறச்சாயலுக்கு, ஏற்ற சாயக் கலவையைச் சின்ன அளவில் போட்டுப் பார்த்து, லேப் டிப் என்னும் சாம்பிள் எடுத்து, ஓகே வாங்கி மெஷினுக்கு அனுப்ப வேண்டும். அந்த வருடம் ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் கலக்கும் வழக்கில் பட்டறைகளை எல்லாம் மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாத ஏற்பாடு செய்த பிறகுதான் திறக்கலாம் என்றார்கள். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மொத்தமாக நின்றன. வடநாட்டுப் பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். எங்கள் பட்டறையில் மாஸ்டர், நான், வாட்ச்மேன் என்று சிலரை மட்டும் வரச்சொன்னார்கள். சாயத்தையும் கெமிக்கலையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் யாரோ எப்போதோ ஜூமா ஏற்றி வைத்திருந்தார்கள். மாஸ்டர் சத்தியமங்கலத்துக்காரர், சாயத்திலேயே தலை நரைத்தவர். நான் பரபரவென்று சுடுவதைப் பின்னால் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அம்மிணி, வாயில இருக்கறதைய உட்டுப்போட்டு முதுகுல இருக்கறதைய பாரு" என்றார்.

இதுதான் உங்கள் கேள்விக்கும் பதில். தவளையின் முதுகில் அடுத்து வரப்போகும் பந்தின் நிறம் தெரியும். கம்ப்யூட்டரில் மவுசின் வலது பட்டனை அழுத்தினால் வாயில் இருப்பதும் முதுகில் இருப்பதும் இடம் மாறும். போனில் பெரும்பாலும் தவளையையே தொட்டால் மாறிவிடும். ஆக உங்கள் கையில் எப்போதும் இரண்டு பந்து இருக்கிறது. பலர் ஒன்றை வைத்துத்தான் விளையாடுகிறார்கள்.

ஒரு இடத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வரிசையில் ஒரு நீலம், இரண்டு சிவப்பு, மறுபடி ஒரு நீலம். உங்கள் வாயில் சிவப்பு, முதுகில் நீலம். அவசரக்காரர் சிவப்பை அடிப்பார். மூன்று சிவப்பு உடையும், இரண்டு நீலமும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மாஸ்டர் என்ன செய்வார் என்றால், பட்டனை அழுத்தி இடம் மாற்றி, முதலில் நீலத்தை அந்த நீலத்தின் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்ட வைப்பார். ஒன்றும் உடையாது. பார்ப்பவர்களுக்கு வீணாகப் போட்ட மாதிரி இருக்கும். அடுத்து சிவப்பு. மூன்று சிவப்பு உடைந்து, இடைவெளியைத் தாண்டி நீலம் நீலத்தை இழுத்து, மூன்று நீலமும் உடையும். அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பச்சை இருந்துவிட்டால் அதுவும் இழுபடும். இந்தச் சங்கிலி உடைப்புக்குக் கிடைக்கும் போனஸ், ஒவ்வொரு மூன்றாகத் தனித்தனியே உடைத்தால் கிடைக்காது. அதோடு இப்படி இழுபடும்போது முன்னால் போன பாதி வரிசை பின்னோக்கி வருகிறது பாருங்கள், மண்டை ஓட்டிலிருந்து விலகுகிறது. ஸ்கோரும் உயிரும் ஒரே அடியில்.

இன்னொன்று யாரும் கவனிப்பதில்லை. மேலே இருக்கும் ஜூமா பட்டை நிறைந்தால்தான் புதுப் பந்து வருவது நிற்கும். அந்தப் பட்டை நேரத்தால் நிறைவதில்லை, உங்கள் ஸ்கோரால் நிறைகிறது. போனஸாக வாங்கி வாங்கிப் போட்டால் பட்டை சீக்கிரம் நிறைந்து, சமாளிக்க வேண்டிய பந்தே குறைந்துவிடும். சில்லறையாக உடைப்பவருக்குப் பந்து வந்துகொண்டே இருக்கும்.

மாஸ்டர் அடிக்கடி சொன்ன அடுத்த விஷயம் வால். எல்லோருடைய கண்ணும் மண்டை ஓட்டை நெருங்கும் தலைப்பந்தின் மேலேயே இருக்கும். பயம் அங்கேதானே. ஆனால் வரிசையைத் தள்ளுவது பின்னால் வரும் பந்துகள்தான். வால் பக்கம் ஒரு இடைவெளி விழுந்தால், பின்பாதி நகர்ந்து வந்து மறுபடி முட்டும்வரை முன்பாதி நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நேரம் முழுக்க உங்களுடையது. நாற்று நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்தபடியே நடுவது மாதிரி, வாலிலிருந்து வேலையை ஆரம்பியுங்கள். தலை குழியை ஒட்டிவிட்டால் மட்டும் முன்னால் போங்கள்.

அப்புறம், கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம். சிரிக்க வேண்டாம், நான் ஷேடு பார்த்தே சோறு தின்றவள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி, வெயிலில் வேறு வேறாகத் தெரியும். அதனால்தான் லைட் பாக்ஸ் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். உங்கள் போனில் ராத்திரிக்கென்று திரையை மஞ்சளாக்கும் வசதி போட்டிருந்தால் வெள்ளையும் மஞ்சளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். விளையாடும்போது அதை அணைத்து வையுங்கள். ஜன்னல் வெயில் திரையில் விழாதபடி உட்காருங்கள்.

கண் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பட்டறை மறுபடி திறந்தபோது, மூடிக் கிடந்த மாதங்களுக்குப் பாதிச் சம்பளம் தருவதாகச் சொன்னவர்கள் தரவில்லை. அது எல்லோருக்கும் நடந்தது, அதைவிடுங்கள். லேப் இன்சார்ஜ் என்று டிப்ளமோ முடித்த ஒரு தம்பியைக் கொண்டுவந்து எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். நல்ல பையன்தான், அவன்மேல் கோபம் இல்லை. ஆனால் ராயல் ப்ளூவில் சிவப்புச் சாயல் தூக்கலாக இருக்கிறது, டாப்பிங் போட்டு, அதாவது மேலே இன்னும் கொஞ்சம் சாயம் சேர்த்து, அதை இறக்க வேண்டும் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னது நான். நிறம் அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தபோதும் அதே பதில்தான் வந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்து அவனுடையது, சம்பளமும் அவனுக்கு அதிகம். "உங்ககிட்ட சர்டிபிகேட் இல்லீங்களே அக்கா" என்று ஆபீசில் சொன்னார்கள். எத்தனை வருடம் ஆனாலும் அது ஆறவில்லை. இந்தக் கொங்கு மண்டலத்தில் தறியிலும் பட்டறையிலும் செக்கிங் டேபிளிலும் எத்தனை பெண்களின் கண்ணை வைத்து எக்ஸ்போர்ட் நடக்கிறது என்று யாராவது கணக்கு எடுத்தால் நன்றாக இருக்கும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவள் பந்து விளையாடிக்கொண்டு இருக்கிறாள் என்று சொந்தத்தில் ஒரு சீரின்போது பெரியப்பா நாலு பேர் முன்னால் சொன்னார். இங்கேயும் "இந்த நேரத்தில் நாலு பக்கம் படிக்கலாமே" என்று யாராவது கமெண்ட் போடுவார்கள் என்று தெரியும். படிக்கவும் செய்கிறேன். அடுப்பில் குக்கர் விசில் வரும்வரை ஒரு ஆட்டம் போடுவதில் யார் குடியும் கெட்டுவிடாது. சும்மா உட்கார்ந்த காலத்தில் பைத்தியம் பிடிக்காமல் எங்களைக் காப்பாற்றியது இந்தத் தவளை. அதனால் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

"நான் விளையாடுவது ஜூமாவே இல்லை, வேறு பெயர்" என்றால் பரவாயில்லை. 1998-இல் ஜப்பானின் மிட்செல் கம்பெனி பஸ் லூப் என்று ஆர்கேடில், அதாவது காசு போட்டு விளையாடும் மெஷினில், கொண்டுவந்ததுதான் மூலம். பாப்கேப் கம்பெனி 2003-இல் தவளையை வைத்து ஜூமா செய்தது, 2005-இல் லக்சர் வந்தது, 2009-இல் ஜூமாஸ் ரிவெஞ்ச். போனில் கிடைக்கும் மற்றதெல்லாம் இவற்றின் வாரிசுகள். லக்சரில் சுடும் கருவி கீழே இடம் வலமாக ஓடும், வரிசையின் குணம் அதேதான். இடைவெளி, இழுப்பு, வால் எல்லாம் அங்கேயும் செல்லும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. அவ்வப்போது மின்னும் காசை அடித்தால் 500 புள்ளி, ஆனால் அதற்காக நல்ல பந்தை வீணாக்க வேண்டாம், குறுக்கே வரிசை இல்லாதபோது மட்டும் அடியுங்கள். வரிசையில் விழுந்த ஓட்டை வழியாகச் சுட்டு அந்தப்புறம் இருப்பதை உடைத்தால் தனி போனஸ் உண்டு, ஓட்டை எவ்வளவு குறுகலோ அவ்வளவு அதிகம். ஒரு அடிகூடப் பழுதாகாமல் தொடர்ந்து ஐந்து முறை உடைத்தால் அதற்கும் போனஸ் தொடங்கும். மேலே சொன்ன மாதிரி நீலத்தை முன்கூட்டியே ஒட்ட வைத்தால் இந்தத் தொடர் அறுந்துபோகும், அதையும் சொல்லிவிடுகிறேன். என் கணக்கு என்னவென்றால், நான்கு நிறம் இருக்கும் கோயில்களில் தொடரைக் காப்பாற்றுங்கள், ஆறு நிறம் வந்த பிறகு தொடரை மறந்துவிட்டு ஒட்ட வைப்பதில் இறங்குங்கள். ஆறு நிறத்தில் தொடரைப் பிடித்துக்கொண்டு தொங்கித் தோற்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு 50,000 புள்ளிக்கும் ஒரு உயிர் கிடைப்பதால், ஆரம்பக் கோயில்களில் சேர்க்கும் ஸ்கோர் கடைசியில் உயிராகக் கை கொடுக்கும்.

ஒரு நிறத்தை முழுவதும் ஒழித்துவிட்டால் தவளை அந்த நிறத்தைக் கொடுக்காது. பட்டை நிறைந்த பிறகு, குறைவாக இருக்கும் நிறத்தை முதலில் காலி செய்யுங்கள், மீதி தானாகச் சுலபமாகும். எல்லாம் முடிந்ததும் குழிவரைக்கும் காலியாகக் கிடக்கும் பாதைக்கும் புள்ளி போடுவார்கள், ஆகவே கடைசிப் பந்துகளைக் குழியிலிருந்து எட்டவே வைத்து முடிப்பது லாபம்.

கம்ப்யூட்டரில் விளையாடுபவராக இருந்தால் கான்ட்லெட் என்ற பகுதியில் உங்களுக்குச் சிக்கலான பாதையை மட்டும் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்பப் பழகலாம். எந்தப் பாதையில் நிற்கிறது, ஒற்றை வரிசையா இரட்டை வரிசையா என்று கமெண்டில் சொல்லுங்கள். இரட்டை வரிசைக்கு நான் வேறு மாதிரி விளையாடுவேன், அதைத் தனியாக எழுதுகிறேன்.