அப்பாவின் நோட்டில் எல்லாமே 120

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. டைப் 2 சர்க்கரை நோய் வந்து பதினொரு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறார். வீட்டில் பார்த்து நோட்டில் எழுதிவைக்கும் அளவுகள் எப்போதும் 110, 120தான். ஆனால் லேப்பில் எடுத்த ஹெச்பிஏ1சி 9.1. எவ்வளவு சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இப்போது தெரிந்தவர் கொடுத்தார் என்று ஏதோ மூலிகைப் பொடி வேறு ஆரம்பித்திருக்கிறார். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள அவரை எப்படிப் பழக்குவது?

பதில்: அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாத அளவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே உட்காரலில் எழுதியதுபோல இருக்கும். எல்லாம் பூஜ்யத்தில் முடியும். இப்படி நோட்டுகள் என் மேஜைக்கு வாராவாரம் வருகின்றன. மீட்டரை வாங்கி மெமரி பட்டனை அழுத்தினால் 243, 198, 271 என்று வரும். நடுவே ஒன்பது நாள் ஒன்றுமே இருக்காது. ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை; அது 9.1 என்றால் சராசரி ஏறக்குறைய 214. நோட்டில் உள்ள 120 எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவர் பொய்க்காரர் இல்லை. 200-க்கு மேல் எழுதிய ஒவ்வொரு முறையும் திட்டு விழுந்திருக்கிறது. வீட்டில் நீங்கள், ஆஸ்பத்திரியில் நாங்கள். எங்களுக்கு ஒருவரைப் பார்க்கக் கிடைப்பது ஐந்து நிமிடம், அதில் மூன்று கம்ப்யூட்டருக்குப் போய்விடும். மிச்சத்தில் நோட்டைத் திறந்தால் “ஏன் இவ்வளவு ஏறியிருக்கு, ஸ்வீட் சாப்பிட்டீங்களா?” என்று விசாரணை. பதினொரு வருடம் இப்படிக் கேட்டால் யாரும் 120 என்றுதான் எழுதுவார்கள். அவருக்கு நல்ல எழுத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறோம்!

அதனால் இன்றிலிருந்து “எவ்வளவு இருந்தது?” என்று கேட்பதை விடுங்கள். மீட்டர் அவருடையது. அவராகச் சொன்னால் “எதனால்னு நினைக்கிறீங்க, அப்பா?” என்பதோடு நிறுத்துங்கள். பதில் தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. தினமும் நாலு வேளை குத்தச் சொல்லாதீர்கள், மூன்றாம் நாளே விட்டுவிடுவார். ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். முதல் கவளத்துக்கு முன்னால் ஒரு தடவை, அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. முதல் நாள் வழக்கம்போலச் சாப்பிடட்டும். மறுநாள் அதே சாப்பாட்டில் மாவுச்சத்தைப் பாதியாக்கட்டும். மூன்றாம் நாள் வழக்கமான சாப்பாடு, முடித்ததும் பதினைந்து நிமிட நடை. எந்த நாள் குறைவாக ஏறியது என்பதை அவரே கண்டுபிடிப்பார். நீங்கள் நூறு முறை சொன்னதைவிட அவர் கண்டுபிடித்த அந்த ஒன்று நிற்கும். அடுத்து எதை மாற்றலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். பொதுவாகச் சாப்பாட்டுக்குப் பின் 180-க்குள், வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து காட்டும். விரல் நுனியில் வேண்டாம், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. வீட்டு மீட்டரில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும் என்பதால் 168-க்கும் 180-க்கும் சண்டை வேண்டாம்.

இனி பொடிக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது. “முப்பதே நாளில் மாத்திரையை நிறுத்தலாம்” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் டாக்டரும் இல்லை, வைத்தியரும் இல்லை; கமிஷனுக்கு டப்பா விற்கிறவர். இப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் இங்கிலீஷ் மாத்திரையை ரகசியமாகக் கலந்திருந்ததை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. பொடி சாப்பிட்டு ஒரே வாரத்தில் அளவு மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். கிளிமிபிரைடும் அதே இனம்தான், அவர் இரட்டை மருந்து சாப்பிடுகிறார் என்று அர்த்தம். டப்பாவில் தயாரித்தவர் பெயர், உட்பொருள், பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். “நூறு சதவீதம் இயற்கை” என்பது உட்பொருள் அல்ல.

மாத்திரை இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வருவது நடக்கவே நடக்காதா என்றால், நடக்கிறது. 2017-ல் வெளியான பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வில், கடுமையான உணவுத் திட்டத்தில் எடையைக் குறைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்தில் அப்படி வந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள், அதுவும் டாக்டர் கண்காணிப்பில். டப்பா விற்கிறவர் இந்த இரண்டையும் மட்டும் சொல்ல மாட்டார்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா நிஜமாகவே அக்கறை எடுக்க ஆரம்பிக்கும்போதுதான் ஆபத்தும் வரும். சாப்பாட்டைக் குறைப்பார், நடப்பார், கிளிமிபிரைடு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். சர்க்கரை ‘லோ’ ஆகிவிடும். வியர்வை, கை நடுக்கம், கொலைப்பசி, காரணமில்லாத எரிச்சல். வீட்டில் இருப்பவர்கள் “அப்பாவுக்குக் கோபம்” என்று நினைத்துக்கொள்வார்கள். உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அந்த நேரத்தில் கட்டுப்பாடு எதுவும் செல்லாது: 15 கிராம் குளுக்கோஸ், இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். ஏறியதும் சாப்பிடச் சொல்லுங்கள். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கிளிமிபிரைடின் வேகம் ஒரு நாள் முழுக்க இருக்கும், மறுபடி இறங்கலாம், அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர் என்றால் நடுக்கமே தெரியாமல் வியர்வை மட்டும் வரலாம். இப்படி ஒருமுறை ஆகிவிட்டால் “கட்டுப்பாடா இருந்ததுக்கு இதுதானா பலன்?” என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார், அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எனவே சோதனையைத் தொடங்கும் முன்பே மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நோட்டு வேண்டாம். மீட்டரை எடுத்துப் போகட்டும், பொடி டப்பாவையும். உட்காரும் முன்பே சாக்ஸைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்ல எங்களில் பாதிப் பேருக்கு நேரமில்லை. ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ் விற்கிறவர்கள் அறுபது டெஸ்ட் எழுதுவார்கள், பாதத்தைத் தொட மாட்டார்கள். கண்ணில் மருந்து விட்டு விழித்திரை பார்ப்பதும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதும் வருடத்துக்கு ஒருமுறை நடந்ததா என்று அப்பாவே கேட்கட்டும். நீங்கள் கூடப் போவதானால் வெளியே பெஞ்சில் உட்காருங்கள்.